எங்கள் வீட்டு இதய டாக்டர்

நான் குடல் டாக்டர். வாயில் தொடங்கி அடியில் முடியும் அந்த நீண்ட குழாயில் எங்கே புண், எங்கே அடைப்பு, எங்கே ரத்தம் கசிகிறது என்று பார்ப்பது என் வேலை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கமெல்லாம் என் புகுந்த வீட்டாருக்குத்தான். அவர்களுக்கும் வயிறு உண்டு, வேளை தவறாமல் அதை நிரப்பவும் தெரியும். நிரப்பியது அப்புறம் என்ன ஆகிறது என்பது மட்டும் அந்த வீட்டில் யாருக்குமே தெரியாது. குளியலறைக்குள் போனால் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள். வெளியே இருப்பவர்களுக்குச் சத்தம் கேட்டுவிடக் கூடாதாம். ராணுவ ரகசியம் தோற்றது போங்கள்.

இந்த ரகசியப் படைக்குத் தளபதி என் மாமனார். தபால் அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள்ளேயும் மேல்பொத்தான் வரை போட்டுக்கொண்டுதான் உட்காருவார். நல்ல மனிதர், அதையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலை முடிந்து எத்தனை நேரம் கழித்து வந்தாலும் கதவைத் தாழ் போடாமல் விழித்திருப்பவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். என் கணவர் அந்நேரம் குறட்டையில் இருப்பார். எந்த வேலையும் செய்யாமலே களைத்துப்போவதில் அவருக்கு நிகர் அவர்தான்.

மாமனாருக்கு முட்டி தேய்ந்துபோய், மாற்று முட்டி வைக்கும் அறுவை சிகிச்சை நான் வேலை பார்க்கும் மருத்துவமனையிலேயே நடந்தது. எனக்குத் தரைத்தளம், அவருக்கு மூன்றாம் மாடி. அறுவை சிகிச்சை செய்த எலும்பு டாக்டருக்கு எங்களிடையே முட்டி மன்னன் என்று பெயர். கைராசிக்காரர், அதில் சந்தேகமில்லை. ஆனால் முட்டிக்கு மேலேயும் ஒரு மனிதன் ஒட்டிக்கொண்டிருக்கிறான் என்ற செய்தியை அவர் இன்றுவரை வதந்தியாகவே எடுத்துக்கொள்கிறார். தினமும் வருவார், முட்டியை மடக்குவார், நீட்டுவார், "அழகு!" என்பார், போய்விடுவார். அந்த அழகு முட்டியின் சொந்தக்காரர் நாளுக்கு நாள் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துக்கொண்டு வந்தார்.

வெளுப்புக்குக் காரணம் கண்டுபிடித்தார்கள். அறுவை சிகிச்சையில் கொஞ்சம் ரத்தம் போயிருக்கும் என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதினார்கள். தலைசுற்றலுக்கும் காரணம் கண்டுபிடித்தார்கள். நடக்கப் பயிற்சி கொடுக்க வருபவர், "பெரியவருக்குச் சோம்பேறித்தனம்" என்று சொல்லிவிட்டுப் போனார். வார்டு சிஸ்டர் தினமும் காலையில், "மோஷன் போச்சா?" என்று கேட்பார். "போச்சு" என்பார் மாமனார், சுவரைப் பார்த்துக்கொண்டு. என்ன நிறத்தில் போனது என்று சிஸ்டரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தொல்லை கொடுக்காத நோயாளி என்று வார்டில் நல்ல பெயர் வாங்கினார்.

துணைக்கு அவருடைய தங்கை இருந்தார். எனக்குச் சித்தி முறை. அண்ணன் என்றால் உயிர். அண்ணன் தும்மினால் இவர் போர்வையைத் தேடுவார். வாய் மட்டும் ஓயாது. அப்படிப்பட்டவர் நான் அறைக்குள் நுழைந்ததும் வாயை மூடிக்கொண்டார் என்றால் ஏதோ விஷயம் இருக்கிறது என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். நானோ, குடும்பத்தில் யார் வீட்டுப் பஞ்சாயத்தையோ மறைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, "நிம்மதி" என்று விட்டுவிட்டேன்.

அன்று காலை என் வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் மேலே போனேன். அறைக் கதவைத் திறந்ததும் மல்லிகை வாசனை குப்பென்று அடித்தது. என் கணவர் கையில் வாசனை அடிக்கும் டப்பாவோடு, கையும் களவுமாகப் பிடிபட்டவர் போல நின்றுகொண்டிருந்தார்.

"என்ன, பூக்கடை வச்சிருக்கீங்களா?" என்றேன்.

"அறை ஃப்ரெஷ்ஷா இருக்கட்டுமேன்னுதான்."

"மாமா, எப்படி இருக்கீங்க?"

"அமோகமா இருக்கேம்மா" என்றார் மாமனார். சொன்ன உதட்டில் ரத்தமே இல்லை.

மல்லிகைக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது. அதை ஒரு முறை முகர்ந்தவர்கள் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள். வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் குடல் வழியாகப் பயணம் செய்து, பாதி செரித்து, வெளியே வரும்போது அடிக்கும் நாற்றம் அது. எந்தப் பூவுக்கும் அதை மறைக்கும் சாமர்த்தியம் கிடையாது.

"கறுப்பா போகுதா?" என்று கேட்டேன்.

மாமனார் கூரையைப் பார்த்தார். என் கணவர் செல்போனைப் பார்த்தார். சித்தி அண்ணனைப் பார்த்தார்.

"காலங்காத்தால என்னம்மா கேள்வி இது" என்றார் மாமனார்.

"சித்தி, நீங்க சொல்லுங்க."

"எனக்கு என்னம்மா தெரியும்" என்று ஆரம்பித்தார் சித்தி. தெரிந்ததைச் சொல்லாமல் இருந்தால் தொண்டை அடைத்துவிடும் அவருக்கு. "முந்தாநாள்லேருந்து தார் மாதிரி போகுது. அப்படியே ஒட்டிக்குது, தண்ணிய ஊத்து ஊத்துன்னு ஊத்தினாலும் போக மாட்டேங்குது. நாத்தம்னா நாத்தம், குடலைப் பிடுங்குது."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யார்கிட்டதாம்மா சொல்லல? பக்கத்து ரூம் அம்மாகிட்ட சொன்னேன், உடம்பு சூடுன்னாங்க. கேன்டீன்காரர்கிட்ட சொன்னேன், கறுப்பு திராட்சை சாப்பிட்டாரான்னு கேட்டார். சத்து மாத்திரை போட்டா அப்படித்தான் போகும்னு மருந்துக்கடைப் பொண்ணு சொல்லிச்சு. லிஃப்ட்காரர்கூட அவங்க மாமாவுக்கு இப்படித்தான்னு சொன்னார்."

ஆக, மருத்துவமனையில் எல்லோருக்கும் தெரியும். டாக்டர்களுக்கு மட்டும்தான் தெரியாது.

"என்கிட்ட ஏன் சித்தி சொல்லல? நான் தினமும் வந்துட்டுத்தானே போறேன்?"

சித்தி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "உன்கிட்ட சொல்லி என்னம்மா பிரயோஜனம்? நீ இதய டாக்டர். குடலைப் பத்திக் கேட்டு நீ தெரியாம முழிச்சா, உனக்குத்தானே அவமானம்? அதான் உன் காதுல போடாம பாத்துக்கிட்டோம்."

ஒரு கணம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாமே புரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து இந்தக் குடும்பத்தில் யாரைப் பார்த்தாலும் நெஞ்சைத் தடவிக்கொண்டே என்னிடம் வருவார்கள். படபடப்பு என்பார்கள், இடது தோளில் வலி என்பார்கள், ஈசிஜி தாளை விரித்துக் காட்டுவார்கள். டாக்டர் என்றால் எல்லா டாக்டரும் ஒன்றுதான் என்று நினைக்கிற அப்பாவி ஜனங்கள் என்று நானும் பொறுமையாகப் பதில் சொல்லிவந்தேன். அவர்கள் அப்பாவிகள் இல்லை. என் மாமனார் பெண் பார்த்துவிட்டுப் போன அன்றே சொந்தபந்தம் முழுவதற்கும் என்னை இதய டாக்டர் ஆக்கிவிட்டிருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் முழு மருமகளையே மறைத்திருக்கிறார்.

அவர் இன்னும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோபம் அப்புறம், முதலில் ரத்தம். நாடியைப் பிடித்தேன். சாவகாசமாக ஓடியது. ரத்த அழுத்தத்துக்கு அவர் சாப்பிடும் மாத்திரை இதயத்தை வேகமாக ஓட விடாது. உடம்பில் ரத்தம் குறையும்போது நாடி தலைதெறிக்க ஓடி நம்மை எச்சரிக்க வேண்டும். இவருடைய நாடிக்கோ மாத்திரை வாய்ப்பூட்டு போட்டிருந்தது. படுத்த நிலையில் ரத்த அழுத்தம் ஏதோ சுமாராக இருந்தது. மெல்ல எழுப்பி உட்காரவைத்தேன். கருவியில் எண்கள் சரசரவென்று இறங்கின, அவர் கண்கள் செருகின. சட்டென்று படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தேன்.

பணியில் இருந்த இளம் டாக்டரைக் கூப்பிட்டு, திரையை இழுத்துவிட்டு, கையுறை போட்டு ஆசனவாயில் பார்க்கச் சொன்னேன். மாமனாரின் மானத்துக்காக நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். வெளியே வந்த இளம் டாக்டரின் விரலில் தார் பூசியிருந்தது.

முட்டி மன்னன் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். "அயர்ன் மாத்திரைதான் மேடம். பல்ஸ் நார்மல். பதட்டப்படாதீங்க, சொந்தக்காரங்கன்னா நமக்கு அப்படித்தான் தோணும்" என்றார், ஆறுதலாக.

"இரும்பு மாத்திரைக்குப் போறது கரும்பச்சையா, கட்டியா போகும் டாக்டர். இப்படி ஒட்டாது, இப்படி நாறாது. அவர் சாப்பிடற பிரஷர் மாத்திரை என்னன்னு பாத்தீங்களா? அது இருக்கறப்ப பல்ஸ் எப்படி ஏறும்? முட்டிவலிக்குன்னு பல வருஷமா கடையில வாங்கி வாங்கி வலி மாத்திரை முழுங்கினவர் வயித்துல, நீங்களும் வலி மாத்திரையையும் ரத்தம் உறையாம இருக்கற ஊசியையும் சேர்த்துக் கொடுத்திருக்கீங்க. முட்டி பிரமாதமா இருக்கு, அதுல குறையே இல்ல. அதை மாட்டிக்கிட்டு நடக்க ஆளு வேணாமா?"

அவர் முகம் சுருங்கிப்போனது. ஆனால் நியாயமான மனிதர். "என்ன பண்ணணும் சொல்லுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் மேல் இருந்த கோபத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டேன்.

வலி மாத்திரையும் உறைதல் தடுப்பு ஊசியும் நின்றன. இரண்டு கைகளிலும் பெரிய ஊசி குத்தி சலைன் ஏற்றினோம். ரத்த வங்கிக்கு மாதிரி போனது. அமிலத்தை அடக்கும் மருந்து நரம்பில் ஏறியது. வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று சித்தியிடம் சொல்லி, அவர் கையிலிருந்த பால் டம்ளரைப் பிடுங்கி வைத்தேன். என் கணவர் வாசனை டப்பாவைக் கீழே வைக்கத் தோன்றாமல் அதைப் பிடித்துக்கொண்டே அழுதார். ரத்தம் வந்து ஏற ஆரம்பித்ததும் மாமனாரின் முகத்துக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. ஆனால் உள்ளே ஓட்டை அடைபடாமல் மேலே ஊற்றிக்கொண்டே இருப்பதில் அர்த்தமில்லை. வாய் வழியாகக் குழாய் விட்டு, எங்கே கசிகிறது என்று பார்த்து, அங்கேயே அதை நிறுத்த வேண்டும்.

சொந்தக்காரருக்கு நானே செய்வது முறையில்லை. எங்கள் துறையில் இன்னொரு டாக்டர் இருக்கிறார். அவரைக் கூப்பிடலாம் என்றால், அவர் விமானத்தில் இருந்தார். உள்நோயாளிகளின் குடல் ரத்தக்கசிவை உடனே கண்டறிவது எப்படி என்று ஒரு மாநாட்டில் பேசப் போயிருந்தார். வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம் என்றால், வண்டி அங்கே போய்ச் சேரும்போது இவர் இருப்பார் என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. மேலதிகாரியைக் கேட்டேன். "நீங்களே செய்யுங்கள், தாமதிக்காதீர்கள்" என்றார்.

எல்லாம் தயார். நோயாளி மட்டும் தயாராக இல்லை.

"வேற ஆம்பள டாக்டர் யாரும் இல்லையாம்மா?" என்றார் மாமனார். குரலே எழும்பவில்லை, வீம்பு மட்டும் எழும்பியது.

"இல்ல மாமா."

"அப்ப அவர் வர்ற வரைக்கும் இருக்கேனே."

"அவர் வர்றப்ப நீங்க இருக்க மாட்டீங்க."

"நீ எனக்கு மருமக. நீ போய் என் வயித்துக்குள்ள..."

எனக்கு வந்ததே கோபம். "வாய் வழியாத்தான் மாமா போறேன். சாப்பாடு போற வழி. அதுல என்ன மானம்? நீங்க பாத்து வச்ச மருமக தினமும் ஊர்ல இருக்கறவங்க வயித்தையெல்லாம் பாத்துட்டு வந்துதான் உங்க பக்கத்துல உக்காந்து சாப்பிடுறா. அப்ப இனிச்சுது, இப்ப கசக்குதா? இதய டாக்டராம், இதய டாக்டர்! என்னைப் பத்தி வெளிய சொல்லவே உங்களுக்கு அவ்வளவு கேவலமா இருந்துச்சா?"

பக்கத்தில் நின்ற மயக்க மருந்து டாக்டர் தன் ஊசியை மிகவும் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

"கேவலமில்லம்மா" என்றார் மாமனார். கண்ணோரம் நனைந்திருந்தது. "நம்ம ஆளுங்களைத் தெரியாதா உனக்கு? குடல்னு சொன்னா மூக்கைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பாங்க. உன்னை யாரும் அப்படிப் பாக்கக் கூடாதுன்னுதான் சொல்லிட்டேன்."

எனக்காகவாம்! அதற்கும் சேர்த்துத் திட்டியிருப்பேன், ஆனால் எனக்குப் பயமாக இருந்தது. கதவைத் தாழ் போடாமல் உட்கார்ந்திருக்கும் இந்த மனிதர், என் கைக்கெட்டும் தூரத்தில், எனக்குத் தெரிந்த ஒரே வித்தை தேவைப்படுகிற நோயில், வெட்கப்பட்டே செத்துப்போய்விடுவாரோ என்று பயந்தேன்.

"கையெழுத்து போடுங்க மாமா. கெஞ்சிக் கேக்கறேன்."

"ஒரு சத்தியம் பண்ணு. வெளிய யார்கிட்டயும் குடல்னு சொல்லக் கூடாது. இதயம்னே இருக்கட்டும்."

"நோயாளி விஷயத்தை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். என் தொழிலே அப்படி. போடுங்க."

போட்டார். அந்த நிலையிலும் எழுத்து முத்து முத்தாக இருந்தது.

இரைப்பை முடிந்து சிறுகுடல் தொடங்கும் இடத்தில் புண் இருந்தது. அதன் நடுவில் ஒரு சின்ன ரத்தக்குழாய் வாய் திறந்து துடித்துத் துடித்துப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. சுற்றிலும் மருந்து குத்தினேன், கிளிப் போட்டேன், நழுவியது, மறுபடியும் போட்டேன். நின்றது. தண்ணீர் அடித்துப் பார்த்தேன், கசியவில்லை. இத்தனை காலம் ஒளித்துக் காப்பாற்றிய அந்த வயிற்றுக்குள் அப்படி என்னதான் இருந்தது என்று கேட்டால், எல்லோருக்கும் இருப்பதுதான் இருந்தது.

அடுத்த சில நாளில் மாமனார் தேறிவிட்டார். தேறியதற்கு முதல் அடையாளம் மேல்பொத்தான். இரண்டாவது அடையாளம் புளுகு.

பார்வையாளர் நேரம். அறை நிறையச் சொந்தக்காரர்கள். நான் அவருடைய ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்கப் போயிருந்தேன். மாமனார் தலையணையில் சாய்ந்துகொண்டு அளந்துகொண்டிருந்தார்.

"இதயத்துக்குப் போற மெயின் குழாயில அடைப்பு. மத்த டாக்டருங்க கையை விரிச்சுட்டாங்க. நம்ம மருமக வந்தா, உள்ள ஒரு கம்பிய விட்டா, அவ்வளவுதான்!"

"அடேயப்பா! கையிலேயே வித்தை இருக்கு" என்றார் ஒரு மாமா, தன் நெஞ்சைத் தடவியபடி. என்னைப் பார்த்து எல்லோரும் பூரித்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தாளைப் பார்த்தேன். சத்தியம் பண்ணிக் கொடுத்தாயிற்றே, வேறென்ன செய்வது?

சித்தி சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். "அப்ப உனக்குக் கறுப்பா போனதும் இதயத்தாலதானாண்ணே?" என்று கேட்டார்.

மாமனார் திணறினார். "ம்... அதனாலதான்."

"அப்பாடா!" என்று சித்தி பெருமூச்சு விட்டார். "இப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு. எனக்கும் கொஞ்ச நாளா அப்படித்தான் போகுது. உன் முட்டிவலி மாத்திரையைத்தானே நானும் போட்டுக்கறேன். குடல்ல ஏதோ கெட்ட வியாதியோன்னு பயந்து, யார்கிட்டயும் மூச்சு விடல. இதயம்னா என்ன கவலை, நம்ம வீட்டுலயே ஆள் இருக்கா. நீ எழுந்து நடக்கிற வரைக்கும் போகட்டும், அப்புறமா காட்டிக்கலாம்."

நான் சித்தியின் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். துணைக்கு இருப்பவரை எந்த டாக்டரும் பார்ப்பதில்லை. ஓடி ஓடிக் களைத்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன். கீழ்இமையை இழுத்துப் பார்த்தேன், காகிதம் போல இருந்தது. மணிக்கட்டைப் பிடித்தேன். இவருக்கு நாடியை அடக்கும் மாத்திரை எதுவும் கிடையாது. அது தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது.

"சித்தி, எழுந்திருங்க. என்கூட கீழ வாங்க."

"விடும்மா. இதயம் அது பாட்டுக்கு நல்லாத்தான் அடிச்சுக்குது. வந்தவங்களைக் கவனிக்க வேணாமா?"

"சித்தி, வாங்கன்னா வாங்க."

"அண்ணன் வீட்டுக்குப் போகட்டும்னு சொல்றேன்ல?"

நான் மாமனாரைத் திரும்பிப் பார்த்தேன். இந்த முறை அவர் கூரையைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்தார்.

"ஏய், எழுந்திரு. அவ கூட போ" என்றார். "இவ இதய டாக்டர் இல்ல. குடல் டாக்டர்."

நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்த மாமா கையை இறக்கினார்.

"எனக்கு இதயத்துல ஒண்ணுமில்ல. குடல்ல புண்ணு. ரத்தமெல்லாம் மலத்துல போச்சு" என்றார். பிறகு, யாருக்காவது சரியாகக் கேட்கவில்லையோ என்பது போல, இன்னும் உரக்க, "மலத்துல!" என்றார்.

ஒரு உறவினர் வாய்க்குக் கொண்டுபோன பிஸ்கட்டைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"அண்ணே, எல்லாரும் இருக்காங்க. மானம் போகுது" என்றார் சித்தி, முகம் சிவக்கக்கூட ரத்தமில்லாமல்.

"போகட்டும் சனியன். மானம் போனா நான் பாத்துக்கறேன். நீ போனா நான் என்னடி பண்ணுவேன்?"

சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழ ஆரம்பித்தார். என் கணவர் போய்ச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். சித்தி மறுபேச்சு பேசாமல் அதில் உட்கார்ந்தார்.

லிஃப்டில் லிஃப்ட்காரரோடு வேறு இரண்டு பேரும் இருந்தார்கள். கேட்கலாமா, கீழே போன பிறகு கேட்கலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். நாடி என் விரலுக்கடியில் தடதடத்துக்கொண்டிருந்தது.

"எப்படிப் போகுது சித்தி? சொல்லுங்க" என்றேன்.

சித்தி அந்த இரண்டு பேரையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிறம், நாற்றம், ஒட்டுவது, ஒட்டாதது, எப்போது ஆரம்பித்தது என்று ஒன்று விடாமல், உரத்த குரலில் சொல்லத் தொடங்கினார். லிஃப்ட்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். சித்தி நிறுத்தவில்லை.